இருமலை மறைக்க வைப்பது யார்?



காலை ஐந்தரை மணி. பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடுகிறேன். குரல் கொடுக்க வேண்டிய ஓர் அக்கா கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறார். வாயையும் மூக்கையும் துண்டு மூடியிருக்கிறது. பனிக்காகக் கட்டியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு செக்ரோலில் குறி போட்டேன். மறுநாளும் அப்படியே. மறு மாதமும் அப்படியே. நான்கு மாதம் அந்தத் துண்டுக்குப் பின்னால் இருந்தது பனிக்குப் பயமல்ல, இருமல் என்பது எனக்குத் தெரியவே தெரியாது என்று நான் எழுதினால் அது பொய். கொஞ்சம் தெரியும். கேட்கவில்லை.

ஒரு நாள் நிரையின் நடுவிலே, பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். துப்பிய சளியிலே இரத்தம். கிளினிக்கில் சளியைச் சோதித்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். காசநோய். வீட்டில் இருப்பவர்களையும் சோதித்தார்கள். ஒன்பது வயது மகளுக்கும் அதே நோய்.

நான் போய்க் கேட்டேன்: "ஏன் அக்கா முன்னாடியே சொல்லல்லே?"

அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் கேட்கிறது: "சொன்னா நீ என்ன தம்பி எழுதுவே? 'வரவில்லை'ன்னுதானே எழுதுவே?"

தோழர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் முயற்சிதான். காசநோய்க்கு மருந்து உண்டு. அந்த மருந்து நம் நாட்டவருக்கு அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். ஆறு மாதம் தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணம் நிச்சயம். அப்படியிருக்க ஒரு தாய், தன் பிள்ளைக்குத் தொற்றும் அபாயம் இருந்தும், நான்கு மாதம் இருமலை ஏன் மறைக்கிறாள்? அறியாமையா? அல்ல. அவளுக்குக் கணக்குத் தெரியும். இருமலைச் சொன்னால் கூலி போகும். சொல்லாவிட்டால் உயிர் போகலாம். கூலி இன்றைக்கே போகும். உயிர் பிறகுதானே போகும்! இந்தக் கொடிய கணக்கைத் தொழிலாளியின் கையில் கொடுத்தவர் யார்? அதுதான் கேள்வி.

தள்ளிவைக்கும் தீவு

பினாங்குப் பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் தெற்கே பார்த்தால் பச்சைக் குன்றாக ஒரு தீவு தெரியும். அதுதான் ஜெரெஜாக். பார்க்க அழகு. அதன் வரலாறோ அழகல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் விட்ட இடம் அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன்மார், பினாங்கு மண்ணை மிதிக்குமுன் நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைக்கப்பட்ட இடமும் அதுவே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காசநோயாளிகளையும் அங்கே வைத்தார்கள். 1969-ல் அதே தீவு சிறைச்சாலை ஆயிற்று. 1993 வரை சிறையாகவே இருந்தது.

தொழுநோயாளி, கூலியாள், காசநோயாளி, கைதி! நான்கு பேருக்கும் ஒரே தீவு. இதிலிருந்து என்ன தெரிகிறது? நோயாளியைப் பற்றி அன்றைய ஆட்சிக்கு இருந்த முதல் எண்ணம் 'குணப்படுத்து' என்பதல்ல. 'தள்ளி வை' என்பதே. மருந்து இல்லாத காலத்தில் அதற்கு ஒரு நியாயமாவது சொல்லலாம். காற்றோட்டமும், ஓய்வும், நல்ல சாப்பாடும் தவிர வேறு வைத்தியம் தெரியாத காலம் அது. ஆனால் தள்ளி வைக்கப்பட்டவனின் குடும்பம் என்ன சாப்பிட்டது என்று கேட்டவர் யார்? லயத்து வீட்டில் அவன் இடம் காலியான மறுநாள் என்ன நடந்தது? இருமுகிறவன் தீவுக்குப் போவான் என்று தெரிந்தால், எவன் இருமுவான்? வாயை மூடிக்கொள்வான். கிருமி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

லயத்து வீடும் அதற்கு ஏற்றபடியே அமைந்திருந்தது. ஒற்றை அறை, தாழ்ந்த கூரை, புகை மண்டிய அடுப்பு, ஒரு குடும்பம் முழுவதும் ஒரே பாயில். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாது என்று தோட்ட லயங்களை முள்வேலிக்குள் நெருக்கிய காலம். நெருக்கம் எங்கேயோ அங்கே காசநோய்க்குக் கொண்டாட்டம். இந்த நோய் தட்டிலோ டம்ளரிலோ தொற்றுவதல்ல, பரம்பரையில் வருவதுமல்ல, முன்வினைப் பயனுமல்ல. நோயாளி இருமும்போது கிருமி காற்றிலே மிதக்கிறது. மூடிய அறையில் அந்தக் காற்றை நாள் கணக்கில் சுவாசிப்பவருக்கு ஒட்டுகிறது. வெயிலும் காற்றும் அதற்கு எதிரி. இருட்டும் இடநெருக்கடியும் அதற்கு உறவு.

ஊர் கூடிச் செய்த காரியம்

அந்தக் காலத்தை முற்றிலும் பழிப்பது நம் நோக்கமல்ல. நல்லதும் நடந்தது. நன்றி மறப்பது நன்றன்று.

டென்மார்க் தேசத்தில் ஐனார் ஹோல்பெல் என்றொரு தபால் கிராணி இருந்தார். கிராணிமார்கள் கவனிக்க வேண்டும்: டாக்டரல்ல, மந்திரியல்ல, கிராணி! கிறிஸ்துமஸ் சமயத்தில் மலைபோல் குவியும் கடிதங்களைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சிறு முத்திரைச் சீட்டு ஒட்டச் சொல்லி, அந்தக் காசை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன? 1904-ல் முதல் சீட்டு விற்பனைக்கு வந்தது. உலகெங்கும் காசநோய்த் தடுப்புச் சங்கங்கள் அந்த வழியைப் பின்பற்றின. மலாயாவின் காசநோய்த் தடுப்புச் சங்கமும் அப்படியே சீட்டு விற்றது. 1950-களில் கோலாலம்பூரில் லேடி டெம்ப்ளர் காசநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்கும் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். சில்லறைக் காசு சேர்ந்து ஆஸ்பத்திரிக் கட்டிலாயிற்று.

இதற்கிடையே மருந்தும் வந்தது. 1882 மார்ச் 24-ல் ராபர்ட் கோக் கிருமியை உலகுக்குக் காட்டினார். அதைக் கொல்லும் மருந்துக்கு மனித குலம் அறுபது ஆண்டு காத்திருந்தது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு 'பாஸ்' என்ற மருந்து. 1952-ல் ஐசோநியாசிட். ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் மடியும் என்பதையும் கண்டார்கள்.

ஆனால் மருந்து பிறந்த நாள் வேறு. அது ஏழையின் நெஞ்சுக்கு வந்து சேர்ந்த நாள் வேறு. தமிழ்ச் சிறுகதையின் சிகரமான புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் காசநோயால் மாண்டார். வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து அப்போது ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. பேனா பிடித்தவன் கதியே அது என்றால், பால் வாளி சுமந்தவன் கதி என்ன?

சுதந்திர மலாயாவில் 1961-ல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி, நோயாளியைக் கண்டுபிடித்தல், மருந்து கொடுத்தல் என்று நாடு முழுவதும் வேலை நடந்தது. லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. இதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

சேத்துப்பட்டு சொன்ன உண்மை

இந்த நோய்க்கு உலகம் முழுவதும் வைத்தியம் செய்யும் முறையை மாற்றிய ஒரு சோதனை தமிழ் மண்ணில் நடந்தது. அது நம்மில் பலருக்குத் தெரியாது.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய சர்க்கார், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கின. கேள்வி ஒன்றுதான்: கோடிக்கணக்கான ஏழை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எங்கே போவது? வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்கு சானடோரியம்: நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சுமாரின் கவனிப்பு. மறு பாதியினருக்குத் தங்கள் சொந்தக் குடிசை: அதே நெருக்கம், அதே அரை வயிற்றுக் கஞ்சி. இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-ல் முடிவு வெளிவந்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே தொற்றும் வேகம் பெரிதும் அடங்கிவிடுகிறது என்பதே காரணம். மருந்துக்கு முன்னால் மறைந்து கிடந்த மாதங்களில்தான் நோய் பரவுகிறது.

உலகமே இதைப் பின்பற்றியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நல்லதுதான். தீவிலிருந்து நோயாளி வீட்டுக்கு வந்தான்.

ஆனால் தோழர்களே, இங்கேதான் ஒரு சூழ்ச்சி நுழைந்தது. சேத்துப்பட்டுக்காரர்கள் வீட்டுக்கு மாத்திரையை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீடு வீடாகப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். கட்டிலை எடுத்தார்கள், கவனிப்பை எடுக்கவில்லை. நம்மிடமோ கட்டில் போனது. அதோடு கூலியும் போனது. எப்படி என்கிறீர்களா? கிராணியின் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கட்டிலுக்குத்தான் கூலியா?

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். நோய் விடுப்பு: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நிலை என்று டாக்டர் எழுதினால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாளையும் அந்த 22 நாளையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. வரவேற்கிறோம்.

ஆனால் பாருங்கள் விந்தையை! காசநோய்க்குக் கட்டில் வேண்டாம், வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று விஞ்ஞானம் 1959-லேயே சொல்லிவிட்டது. சட்டமோ இன்னமும் கட்டிலைக் கேட்கிறது. கட்டிலில் படுத்தால் 60 நாள் கூலி. வீட்டில் இருந்து அதே நோய்க்கு அதே மருந்தைச் சாப்பிட்டால் 22 நாள். ஆஸ்பத்திரிச் செலவு மிச்சமானது சர்க்காருக்கு. அந்த மிச்சத்தின் விலையைக் கொடுப்பவன் தொழிலாளி.

எங்கள் தோட்டத்து அக்காவுக்கு இரண்டு மாத ஓய்வு தேவை என்று டாக்டர் சொன்னார். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு 52 வேலை நாள். சட்டம் தரும் 22 நாளைக் கழித்தால் 30 நாள் சும்மா. இழப்பு ஏறத்தாழ 1,960 வெள்ளி. புதிதாக வேலைக்கு வந்தவர் என்றால் 14 நாள்தான். இழப்பு ஏறத்தாழ 2,480 வெள்ளி. பஸ் செலவு தனி. இலவச மருந்தின் விலையைப் பார்த்தீர்களா, தோழர்களே?

இன்னொன்றும் கேளுங்கள். இதே நாட்டில் அரசாங்க ஊழியருக்குக் காசநோய், தொழுநோய், புற்றுநோய் போன்றவை வந்தால் சம்பளத்தோடு நீண்ட தனி விடுப்பு உண்டு. அவர்கள் பெறுவதில் நமக்குப் பொறாமை இல்லை. அது நியாயமான உரிமை. எங்கள் கேள்வி வேறு. அலுவலக மேசைக்குப் பின்னால் இருமுகிறவருக்கும் பால்மரத்தடியில் இருமுகிறவருக்கும் நுரையீரல் வேறு வேறா? கிருமிக்கு அந்தஸ்து பார்க்கத் தெரியாது. சட்டத்துக்கு மட்டும் தெரிகிறது!

நேரத்தையும் பாருங்கள். கண்முன்னே மாத்திரையை விழுங்கச் செய்வதுதான் இன்றைய முறை. அதற்காக நோயாளி கிளினிக்குக்குப் போய்வர வேண்டும். முறை நல்ல முறை. ஆனால் கிளினிக் திறக்கும் நேரமும் மரத்தில் பால் ஓடும் நேரமும் ஒன்று. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். காலையில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய வெட்டு போயிற்று. வெட்டுக்குப் போனால் அன்றைய மாத்திரை போயிற்று. இடையில் நிறுத்திய மாத்திரை கிருமியைக் கொல்லாது. அதற்குப் பலம்தான் கொடுக்கும். பிறகு 'தொழிலாளி ஒழுங்காக மருந்து சாப்பிடுவதில்லை' என்று நம் தலையில் பழி!

1988-ன் தொற்றுநோய்ச் சட்டப்படி, காசநோயைக் கண்ட டாக்டர் அரசாங்கத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும். சரி. நோயை அறிவிக்கச் சட்டம் உண்டு. அறிவித்த பின் அந்தக் குடும்பத்து உலையில் அரிசி வேகிறதா என்று பார்க்கச் சட்டம் எங்கே?

'அந்நியன் கொண்டுவந்த நோய்'

முதலாளிமாரை மட்டும் திட்டிவிட்டு முடித்துக்கொண்டால் அது நேர்மையாகாது. நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

மலேசியாவில் 2023-ல் மட்டும் 26,000-க்கு மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்டோர் அதனால் சாகிறார்கள். இந்தக் கணக்கைச் சொன்னால் நம்மவர் சிலர் உடனே என்ன சொல்கிறார்கள்? "எல்லாம் வங்காளதேசி கொண்டுவந்தது, இந்தோனேசியன் கொண்டுவந்தது" என்கிறார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் நம் நாட்டவரே என்பது அவர்கள் காதில் ஏறுவதில்லை.

தோழர்களே, ஜெரெஜாக் தீவை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அங்கே நிறுத்தி வைக்கப்பட்ட அந்நியன் யார்? நம் பாட்டன். 'கூலிக்காரன் நோய் கொண்டு வருகிறான்' என்று அன்றைக்கு நம்மைச் சொன்ன அதே நாக்கு, இன்று நம் வாயிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறதே, இது வெட்கமில்லையா?

அந்நியத் தொழிலாளிக்கு 1997 முதல் ஃபோமெமா என்ற மருத்துவச் சோதனை நடக்கிறது. அதில் காசநோய் என்று தெரிந்தால் 'தகுதியில்லை' என்ற முத்திரை. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தீவு மூடப்பட்டது, தீவின் புத்தி மூடப்படவில்லை! கடன் வாங்கி வந்த ஒருவன், இருமினால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று தெரிந்தால் இருமுவானா? மறைப்பான். அவன் மறைத்த இருமல் யாருக்குப் போகும்? அவனோடு ஒரே லாரியில் ஏறி, ஒரே பால் ஸ்டோரில் வரிசையில் நிற்கும் நமக்கும்தானே! அவனுக்குச் சேரும் நீதியில்தான் நம் பிள்ளைகளின் நெஞ்சும் பத்திரமாக இருக்கிறது.

வீட்டிலும் குற்றம் உண்டு. 'பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வருமா?' என்று மூடி வைக்கும் தாய் தந்தையர் எத்தனை பேர்! குணமாகிய பிறகும் தனி டம்ளர் வைக்கும் மாமியார் எத்தனை பேர்! முன்பு சொன்னேனே, இது டம்ளரில் தொற்றும் நோயல்ல. மூடிய ஜன்னலில் தொற்றும் நோய்.

பினாங்கில் பிறந்த டாக்டர் ஊ லியென் தே, 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, அது காற்றில் பரவுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் வைத்து மூக்கையும் வாயையும் மூடச் சொன்னார். அவர் மூடச் சொன்னது நோயைத் தடுக்க. எங்கள் அக்கா துண்டைக் கட்டியது நோயை மறைக்க. இரண்டும் துணிதான். நடுவில் இருக்கும் வேறுபாடு கூலி.

முதலாளிமாரின் வாதங்கள்

"மருந்து சர்க்கார் தருகிறது, நாங்கள் எதற்குக் கூலி தரவேண்டும்?" என்று கேட்பார்கள். ஐயா, மருந்து நுரையீரலுக்கு, கூலி அடுப்புக்கு. அடுப்பு அணைந்தால் ஆள் மருந்தை விட்டுவிட்டு மரத்துக்கு ஓடுவான். அவன் ஓடிவந்து பெரட்டில் நின்று இருமினால் நாளைக்கு நோய் ஐந்து பேருக்கு. நஷ்டம் யாருக்கு?

"சேத்துப்பட்டு ஆராய்ச்சியே சாப்பாடும் ஓய்வும் முக்கியமல்ல என்று சொல்லிவிட்டதே!" என்று படித்த துரைமார் சிலர் சொல்லக்கூடும். அந்த ஆராய்ச்சி சொன்னது இது: மருந்தைத் தவறாமல் சாப்பிட்டவர், ஏழை வீட்டிலும் குணமாவார். மருந்தைத் தவறாமல் சாப்பிட முடியாதவரைப் பற்றி அது என்ன செய்யும்? நோய் வராமல் தடுப்பதில் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கும் விடை வந்துவிட்டது. இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில், காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு முதலியவற்றை மாதாமாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது: கொடுத்த குடும்பங்களில் புதிதாக நோய் கண்டது 39 சதவீதம் குறைவு, தொற்றும் வகை நோய் 48 சதவீதம் குறைவு. இங்கிலாந்திலும் ஸ்ட்ரெப்டோமைசின் வருமுன்பே காசநோய்ச் சாவு பெருமளவு குறைந்திருந்தது. சாப்பாடும் வீடும் கூலியும் உயர்ந்ததே அதற்குப் பெரிய காரணம் என்று ஆராய்ந்தவர் பலர் சொன்னார்கள். நிறைந்த தட்டும் ஒரு தடுப்பூசிதான், துரைமாரே!

"வீடுதான் கொடுத்திருக்கிறோமே!" என்பார்கள். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச அளவு வகுத்த சட்டம் 1966-ல் வந்தது. 1990-ல் புதிய சட்டம். 2019-ல் அதைத் திருத்தி 2020 ஜூன் 1 முதல் அமல். கூட்டு விடுதியில் ஓர் ஆள் படுக்க 3 சதுர மீட்டர் இடம் இருக்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 32 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடிப் பாய் இரண்டை முழுதாக விரிக்கக்கூட அந்த இடம் போதாது. அதுவே சட்டத்தின் தாராளம்! அந்த அளவாவது இருக்கிறதா என்று நாடாப் பிடித்து அளந்து பார்க்கும் வேலையை இனி நாம் செய்வோம்.

நாம் கேட்பது என்ன?

சட்டம் தருவது அடித்தளம். அதற்கு மேலே கட்டுவதற்குத்தான் சங்கம். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் மேசைமேல் வைக்க வேண்டியவை இவை:

ஒன்று: காசநோய்க்கென்று தனி விடுப்பு, முழுக் கூலியோடு. கட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'வேலைக்குப் போகலாம்' என்று டாக்டர் எழுதும் வரை.

இரண்டு: சிகிச்சைக் காலத்தில் பெயரை வெட்டக்கூடாது; லயத்து வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது; குணமானவருக்கு அதே நிரை அல்லது அதற்கு ஈடான இலகு வேலை.

மூன்று: மாத்திரையைத் தொழிலாளியின் நேரத்துக்குக் கொடுக்க ஏற்பாடு. கிளினிக்கோடு பேசி, தோட்டத்து டிரஸ்ஸரோ பயிற்சி பெற்ற சங்க ஊழியரோ, பால் நிறுத்த பிறகு ஸ்டோரிலேயே கண்முன் விழுங்க வைக்கலாம். சேத்துப்பட்டில் 1956-ல் வீடு தேடிப் போனார்களே, இங்கே இத்தனை ஆண்டு கழித்து ஸ்டோர் வரை வரமுடியாதா?

நான்கு: எந்த நாட்டுத் தொழிலாளியாயினும் சிகிச்சை முடியும் வரை நாட்டை விட்டு அனுப்பக்கூடாது என்று சர்க்காரிடம் கோரிக்கை.

ஐந்து: ஒவ்வொரு தோட்டத்துக் கிளையும் வீடுகளின் ஜன்னல், கூரை, ஆள் எண்ணிக்கை மூன்றையும் பார்த்து எழுதி, தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்ப வேண்டும்.

இவை முதலாளியிடமும் சர்க்காரிடமும் கேட்பவை. நம்மிடம் நாமே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கிராணிமார்களே, உங்களுக்குச் சொல்கிறேன். முதலில் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது புத்தகத்தை மட்டும் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர், மாலையில் காய்கிறவர், உடம்பு இளைக்கிறவர், இரவில் வேர்க்கிறவர் எவராயினும் கிளினிக்குக்கு அனுப்புங்கள். செக்ரோலில் 'வரவில்லை' என்று எழுதாதீர்கள். 'நோய்' என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. அதற்கு நிர்வாகம் முகம் சுளித்தால் சங்கத்திடம் வாருங்கள்.

எங்கள் தோட்டத்து அக்கா ஆறு மாத மாத்திரையை முடித்தார். மகளும் முடித்தாள். இருவருக்கும் குணம். மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. பிள்ளையின் காதில் கிடந்த தோடு அடகுக் கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. இப்போதும் காலையில் பெரட்டுக்கு வருகிறார். துண்டு தோளில் கிடக்கிறது, வாயில் இல்லை. பெயர் கூப்பிட்டால் குரல் கேட்கிறது.

அந்தக் குரல் எல்லாத் தோட்டத்திலும் கேட்க வேண்டும். இருமல் வந்தால் பயமில்லாமல் இருமவும், "எனக்கு நோய்" என்று வாய்விட்டுச் சொல்லவும் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். இருமலை மறைக்க வைப்பது கிருமியல்ல, கூலி வெட்டு. கிருமியை டாக்டர் பார்த்துக்கொள்வார். கூலி வெட்டை நாம் பார்த்துக்கொள்வோம்!

— ஒரு தோட்டக் கிராணி